கதிர்வீச்சால் சிதைந்த உலை எஃகை எக்ஸ் கதிரால் ஆராயும் முறை

அணு உலைக்குள் இருக்கும் எஃகு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மட்டுமன்றி, நியூட்ரான்கள் அதன் அணுக்களை இடம்விட்டு இடம் தள்ளுவதாலும் முதுமை அடைகிறது. 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய நியூட்ரான் ஓர் இரும்பணுவில் நேராக மோதினால், அந்த அணு ஏறத்தாழ 69 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலைப் பெறக்கூடும். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட அமைப்பான அணிக்கோவையில் தன் இடத்தைவிட்டு நிலையாக நகர்வதற்கு ஓர் இரும்பணுவுக்குச் சராசரியாகத் தேவைப்படுவதோ 40 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. எனவே ஒரே மோதல் நூற்றுக்கணக்கான அணுக்களைக் கலைத்துவிடுகிறது. அவற்றுள் பெரும்பாலானவை நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் மீண்டும் இடம் சேர்ந்தாலும், எஞ்சும் காலியிடங்களும் இடைச்செருகல் அணுக்களும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வளையங்களாகவும் நுண்குழிகளாகவும் வளர்கின்றன. பிரிட்டனின் டவுன்ரே வேக உலையில் பயன்பட்ட எரிபொருள் உறைகளில் இத்தகைய நுண்குழிகள் இருப்பது 1967-இல் நேச்சர் இதழில் வெளிவந்தபோதுதான், எஃகு உலைக்குள் ஊதிப் பெருக்கிறது என்ற செய்தி பொறியாளர்களை முதன்முதலாக உலுக்கியது.

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் எரிபொருள் உறைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட டி9 எஃகு, இந்த வீக்கத்தைத் தள்ளிப்போடுவதற்காகவே உருவாக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ 15 விழுக்காடு குரோமியமும் 15 விழுக்காடு நிக்கலும் சிறிதளவு டைட்டானியமும் உள்ளன. இந்த வழிகாட்டி அந்த எஃகையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் கதிர் விளிம்புவிளைவுக் கருவியை முன்பே இயக்கிப் பழகிய, ஆனால் கதிர்வீச்சுக்கு உட்பட்ட மாதிரியை முதன்முறையாகக் கையில் எடுக்கும் ஆராய்ச்சி மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

மாதிரியைத் தயார் செய்தல்

உலைக்குள் வைத்து நியூட்ரானால் தாக்க ஆண்டுகள் ஆகும். வெளியே வரும் மாதிரியும் கதிரியக்கம் மிக்கதாக இருக்கும். ஆகையால் பெரும்பாலான ஆய்வுகள் முடுக்கியிலிருந்து வரும் அயனிக் கற்றையில் தொடங்குகின்றன. கல்பாக்கத்தில் உள்ள 1.7 மெகாவோல்ட் முடுக்கி போன்ற ஒன்றில் சில மெகா எலக்ட்ரான் வோல்ட் நிக்கல் அயனிகளைக் கொண்டு, உலையில் பல ஆண்டுகளில் நேரும் சிதைவைச் சில மணி முதல் சில நாட்களுக்குள் ஏற்படுத்திவிடலாம். சிதைவின் அளவை, ஓர் அணு சராசரியாக எத்தனை முறை இடம்பெயர்ந்தது என்ற எண்ணால் குறிக்கிறோம்; துறையில் இதை டி.பி.ஏ. என்பார்கள். இதை ஸ்ரிம் என்ற நிரலால் கணக்கிடும்போது, இடம்பெயர்வுக்கான 40 எலக்ட்ரான் வோல்ட் வாசலை உள்ளிட்டு, விரைவுக் கின்சின்-பீஸ் முறையைத் தேர்ந்தெடுப்பதே இன்று பரிந்துரைக்கப்படும் வழி. எந்த முறையில் கணக்கிட்டோம் என்பதை எழுதி வைக்காவிட்டால், பிறருடைய எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடவே முடியாமல் போகும்.

அயனிகள் ஒரு வேலையை மிக விரைவாகச் செய்கின்றன என்பதே அவற்றின் குறையும் ஆகும். வேக உலையில் நொடிக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு டி.பி.ஏ. என்ற அளவில் நேரும் சிதைவு, அயனிக் கற்றையில் அதைவிட ஆயிரம் மடங்கு வேகமாகக்கூட நேரலாம். காலியிடங்கள் போன்ற படிகக் குறைகள் நகர்ந்து ஒன்றுசேர நேரம் போதாததால், வீக்கம் உச்சமடையும் வெப்பநிலை மேலே நகர்கிறது. உலையின் வெப்பநிலையிலேயே அயனிச் சோதனையையும் நடத்திவிட்டு, வீக்கமே இல்லை என்று மகிழ்வது தவறான முடிவு.

மாதிரியின் பரப்பைக் கதிர்வீச்சுக்கு முன்பே மெருகேற்றி, இறுதியில் மின்வேதி முறையில் மெருகிட வேண்டும். தேய்ப்புத்தாள் ஏற்படுத்தும் சிதைந்த படலம் சில மைக்ரோமீட்டர் ஆழம் வரை செல்லும். அயனிகள் செல்லும் ஆழமும் ஏறத்தாழ அதுவே. அந்தப் படலம் நீங்காமல் இருந்தால், தேய்ப்பினால் அகன்ற முகட்டை (எக்ஸ் கதிர் வலுவாகச் சிதறும் கோணத்தில் அளவீட்டில் எழும் கூம்பை) கதிர்வீச்சினால் அகன்றதாகக் கொள்ள நேரும். மாதிரியில் ஒரு பாதியை உலோகத் தகட்டால் மறைத்துவிட்டு மறுபாதியில் மட்டும் அயனிகளை விழவிடுங்கள். மறைந்த பாதி அதே உலோகம், அதே மெருகு, அதே வெப்பம் கண்ட ஒப்பு மாதிரியாக அமையும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு அறிவுரையைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதையே கடைப்பிடியுங்கள். பின்னால் வரும் திருத்தங்களில் பாதி, ஒப்பு மாதிரி இருந்தால் தாமாகவே கழிந்துபோகும்.

கதிரையும் கோணத்தையும் தேர்ந்தெடுத்தல்

நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இருப்பது பெரும்பாலும் தாமிரக் குழாய். அதன் கே ஆல்பா கதிரின் ஆற்றல் 8.05 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இரும்பின் கே விளிம்போ, அதாவது அதன் உள் எலக்ட்ரானை வெளியேற்றத் தேவையான ஆற்றலோ, 7.11. எனவே தாமிரக் கதிர் எஃகில் உள்ள இரும்பணுக்களை உடனொளிரச் செய்து, அதாவது அவற்றையே எக்ஸ் கதிர் உமிழவைத்து, முகடுகளைப் பின்னணி இரைச்சலில் மூழ்கடிக்கிறது. கோபால்ட் குழாயின் ஆற்றல் 6.93 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்பதால் இரும்பு அமைதியாக இருக்கும். ஆனால் குரோமியத்தின் விளிம்பு 5.99 என்பதால் குரோமியம் சற்று ஒளிரவே செய்யும். ஆற்றலைப் பிரித்தறியும் உணர்வி இருந்தால் அதையும் விலக்கிவிடலாம்.

இந்தக் குரோமியம் இன்னொரு இடத்திலும் இடறிவிடுகிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. கோபால்ட் கதிர் தூய இரும்பில் ஏறத்தாழ 22 மைக்ரோமீட்டர் சென்ற பிறகே மூன்றில் ஒரு பங்கை ஒட்டித் தேய்கிறது. பாடநூலில் இருக்கும் அந்த எண்ணை எடுத்து எஃகுக்கும் பயன்படுத்துவது எளிது. டி9 எஃகில் உள்ள 15 விழுக்காடு குரோமியம், தன் பங்குக்கு மீறிய அளவில் கதிரை உறிஞ்சுவதால், அந்த நீளம் ஏறத்தாழப் பாதியாக, 11 அல்லது 12 மைக்ரோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. உலோகக் கலவையின் ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய உறிஞ்சு கெழுவை அதன் எடைப் பங்கால் பெருக்கிக் கூட்டிய பிறகே ஆழத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

வழக்கமான சமச்சீர் அளவீட்டில் கதிர் பல மைக்ரோமீட்டர் ஆழம் சென்று, சிதையாத அடிப்பகுதியையே பெரிதும் பார்த்துவிட்டு வரும். ஆகையால் கதிர் பரப்பில் விழும் கோணமான படுகோணத்தை மிகத் தாழ்வாக வைத்து, உணர்வியை மட்டும் சுழற்றும் சாய்கோண முறையைக் கையாள வேண்டும். டி9 எஃகில் கோபால்ட் கதிருடன், 1 டிகிரி படுகோணத்தில் நாம் பார்க்கும் ஆழம் ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர், 5 டிகிரியில் 0.9, 10 டிகிரியில் 1.6 மைக்ரோமீட்டரை ஒட்டி இருக்கும். 5 மெகா எலக்ட்ரான் வோல்ட் நிக்கல் அயனிகளின் சிதைவு உச்சம் 1 மைக்ரோமீட்டரைச் சற்றுக் கடந்த ஆழத்தில் அமைகிறது. அந்த உச்சத்தின் அருகே நிற்கும் அயனிகள் தாமே கூடுதல் இடைச்செருகல் அணுக்களாகி நுண்குழிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன; மேற்பரப்பை ஒட்டிய பகுதியிலோ குறைகள் பரப்புக்கு ஓடி மறைகின்றன. நம்பத்தகுந்த பகுதி இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய அடுக்குதான். 1, 2, 3, 5 டிகிரி என வரிசையாக அளந்தால், அந்த அடுக்குக்குள் மெல்ல இறங்கிச் செல்வது போன்ற ஒரு பார்வை கிடைக்கும்.

தாழ்ந்த கோணத்தில் கற்றை மாதிரியின் மேல் நீண்டு படரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள கற்றை 1 டிகிரியில் 5.7 மில்லிமீட்டர் நீளத்துக்குப் படர்கிறது. அயனிகள் விழுந்த புள்ளி 5 மில்லிமீட்டர் மட்டுமே இருந்தால், சிதையாத உலோகமும் சேர்ந்து அளவீட்டில் கலந்துவிடும். பிளவை 0.05 மில்லிமீட்டராகக் குறைத்து, அதற்கேற்ப அளவீட்டு நேரத்தைக் கூட்டுவதே சரியான வழி.

முகட்டு நகர்வைப் படித்தல்

சிதைவின் முதல் அடையாளம் முகடுகள் தாழ்ந்த கோணத்தை நோக்கி நகர்வதாகும். இடைச்செருகல் அணுக்கள் சுற்றியுள்ள அணுக்களை வெளியே தள்ளுவதால் அணிக்கோவை விரிகிறது. காலியிடங்கள் சற்றுச் சுருக்கினாலும் அந்தச் சுருக்கம் சிறியது. டி9 எஃகின் அணிக்கோவை மாறிலியை 3.59 ஆங்ஸ்ட்ராம் என்று கொண்டால், கோபால்ட் கதிரில் (111) எனக் குறிக்கப்படும் அணுத்தளங்களின் முகடு 51.1 டிகிரியிலும், (311) முகடு 111.5 டிகிரியிலும் விழும். அணிக்கோவை எல்லாத் திசையிலும் 0.1 விழுக்காடு விரிந்தால் (111) முகடு 0.055 டிகிரியும் (311) முகடு 0.168 டிகிரியும் நகரும். பிராக் விதிப்படி, உயர்கோண முகடு விரிவை மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. எனவே உயர்கோண முகட்டை நம்புவதுதான் பொதுவான வழக்கம்.

அயனியால் தாக்கப்பட்ட மாதிரியில் அந்த வழக்கம் அப்படியே செல்லுபடியாகாது. புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடமும் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சிதைந்த மெல்லிய அடுக்கு, தடித்த சிதையாத உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பக்கவாட்டில் விரிய விரும்பினாலும் அடியில் உள்ள உலோகம் விடுவதில்லை. ஆகவே பரப்புக்குச் செங்குத்தான திசையில் மட்டுமே விரிகிறது, அதுவும் கூடுதலாக விரிகிறது. ஒரு திசையில் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்பதைக் குறிக்கும் பாய்சான் விகிதம் 0.3 எனக் கொண்டால், கட்டுண்ட அடுக்கின் செங்குத்துத் திரிபு (நீள மாற்ற விகிதம்), கட்டில்லாமல் விரிந்திருந்தால் ஏற்படும் திரிபைப் போல் 1.86 மடங்காக இருக்கும். அளந்த எண்ணை அப்படியே வீக்கம் என்று எழுதினால், உண்மையைவிட ஏறத்தாழ இரு மடங்கு எழுதியவர்கள் ஆவோம்.

சாய்கோண முறையில் ஒவ்வொரு முகடும் வெவ்வேறு திசையில் சாய்ந்த தளங்களைப் பார்க்கிறது என்பது அடுத்த சிக்கல். படுகோணம் 5 டிகிரி எனில், (111) முகட்டைத் தரும் தளங்கள் பரப்பிலிருந்து 20.6 டிகிரி சாய்ந்தவை. (311) தளங்களோ 50.7 டிகிரி சாய்ந்தவை. பக்கவாட்டுத் திரிபு சுழியமாக இருக்கும்போது, ஒரு முகட்டில் தெரியும் திரிபு, செங்குத்துத் திரிபை அந்தச் சாய்வுக் கோணத்தின் கொசைன் வர்க்கத்தால் பெருக்கியதாகும். ஆகவே (111) முகடு செங்குத்துத் திரிபில் 88 விழுக்காட்டையும், (311) முகடு 40 விழுக்காட்டையும் மட்டுமே காட்டும். இதை அறியாமல் இரண்டு முகடுகளிலிருந்தும் அணிக்கோவை மாறிலியைக் கணக்கிட்டால் இரண்டும் ஒத்துப்போகா. மாணவர் கருவியைக் குறை சொல்வார், அல்லது அடுக்குப் பிறழ்வு என்று புதுக்காரணம் தேடுவார். அதற்குப் பதிலாக, எல்லா முகடுகளின் திரிபையும் கொசைன் வர்க்கத்துக்கு எதிராக வரைபடத்தில் குறியுங்கள். புள்ளிகள் தொடக்கப் புள்ளி வழியாக ஒரு நேர்க்கோட்டில் அமைந்தால், அடுக்கு கட்டுண்டு விரிந்திருக்கிறது என்ற படிமம் சரி. அந்தக் கோட்டின் சாய்வே செங்குத்துத் திரிபு. புள்ளிகள் கோட்டைச் சுற்றிச் சிறிது சிதறினால், படிகத்தின் மீட்சித்தன்மை திசைக்குத் திசை மாறுவது அதற்குக் காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது, கதிர் விலகல். எக்ஸ் கதிருக்கு எஃகின் விலகல் எண் 1-ஐவிட மிகச் சிறிதளவு குறைவு. அதனால் எஃகுக்குள் நுழையும் கதிர் பரப்பை நோக்கிச் சற்று வளைகிறது. 1 டிகிரி படுகோணத்தில் இது எல்லா முகடுகளையும் ஏறத்தாழ 0.09 டிகிரி உயர்கோணத்துக்குத் தள்ளுகிறது. 5 டிகிரியில் அது 0.02 டிகிரிக்கும் கீழே குறைகிறது. நாம் தேடும் நகர்வு 0.05 டிகிரி அளவில், அதுவும் எதிர்த்திசையில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். திருத்தாமல் விட்டால், வீங்கிய அணிக்கோவை சுருங்கியதாகவே தோன்றும். மறைத்து வைத்த பாதியையும் அதே படுகோணத்தில் அளந்து இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்தால் இந்தப் பிழை நீங்கிவிடுகிறது. இணைக் கற்றை ஒளியியலைப் பயன்படுத்தினால், மாதிரியின் உயரம் சில பத்து மைக்ரோமீட்டர் தவறியதால் வரும் நகர்வும் இராது. அறை வெப்பநிலையை மறக்க வேண்டாம்: இவ்வகை எஃகு 10 டிகிரி சூடேறினால் 0.016 விழுக்காடு விரியும், அது நாம் அளக்க முயலும் திரிபில் ஆறில் ஒரு பங்கு.

இவ்வளவு செய்த பிறகும், முகட்டு நகர்வு நுண்குழிகளைப் பற்றி ஏறத்தாழ எதையும் சொல்லாது. காலியிடங்கள் ஒன்றுசேர்ந்து குழியாகிவிட்டால், அதைச் சுற்றியுள்ள அணிக்கோவை தன் இயல்பான இடைவெளிக்கே திரும்புகிறது. உலோகத்தின் வெளி அளவு பெருத்தாலும் அணுக்களுக்கு இடையேயான தொலைவு மாறுவதில்லை. 1960-இல் சிம்மன்ஸும் பலுஃபியும் அலுமினியத்தின் நீள மாற்றத்தையும் அணிக்கோவை மாற்றத்தையும் ஒரே நேரத்தில் அளந்து, இரண்டின் வேறுபாட்டிலிருந்து காலியிடங்களின் எண்ணிக்கையைக் கண்டறிந்தது இந்த அடிப்படையில்தான். நமக்கும் அதே வழி திறந்திருக்கிறது. மறைத்த பாதிக்கும் தாக்கப்பட்ட பாதிக்கும் இடையே எழும் படியின் உயரத்தைப் பரப்புமானியால் அளந்து, அதை எக்ஸ் கதிர் தரும் அணிக்கோவை விரிவோடு ஒப்பிட்டால், எஞ்சும் வேறுபாடு பெரும்பாலும் குழிகளுக்கு உரியது. ஓர் உறைக்குழாய் வளைந்து குளிர்விப்பான் செல்லும் வழியை நெருக்குமா என்ற கேள்விக்கு விடை அந்த எஞ்சிய பகுதியில்தான் இருக்கிறது.

முகட்டின் அகலம்

அணு வரிசைகள் பிறழ்ந்த கோடுகளான இடப்பெயர்ச்சிகளின் வளையங்கள் பெருகும்போது முகடுகள் அகலும். வில்லியம்சனும் ஹாலும் 1953-இல் தந்த வரைபட முறை அகலத்தைப் படிகத்துணுக்கின் அளவு என்றும் திரிபு என்றும் பிரிக்க உதவுகிறது. ஆனால் இவ்வகை எஃகில் (200) முகடு (111)-ஐவிட இயல்பாகவே அகலமாக இருப்பதால் புள்ளிகள் கோட்டில் அமையாமல் துள்ளும். உங்கார் 1996-இல் முன்வைத்த திருத்திய முறை, ஒவ்வொரு முகட்டுக்கும் உரிய மாறுபாட்டுக் கெழுவைச் சேர்த்து இந்தத் துள்ளலை அடக்குகிறது. கருவியின் சொந்த அகலத்தை லாந்தனம் ஹெக்ஸாபோரைடு நியமத் தூளால் முதலில் அளந்து கழித்துவிட வேண்டும்.

20 விழுக்காடு குளிர்வேலை (சூடாக்காமல் உருமாற்றுதல்) செய்யப்பட்ட டி9 மாதிரியாக இருந்தால், அதில் இடப்பெயர்ச்சிகள் தொடக்கத்திலேயே மிகுந்திருக்கும். உயர்ந்த வெப்பநிலையில் கதிர்வீச்சு அவற்றைக் கலைத்து ஒழுங்குபடுத்துவதும் உண்டு என்பதால், முகடு குறுகினால் சோதனை தவறிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஆய்வுக்கூடச் சாய்கோணக் கருவியின் இணைத்தகட்டு வடிகட்டி தன்னளவிலேயே பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு டிகிரி வரை அகலத்தைச் சேர்ப்பதால், நுட்பமான அகல ஆய்வை அதில் செய்ய முயல்வதை நான் பரிந்துரைப்பதில்லை.

சிங்க்ரோட்ரானுக்குச் செல்லும்போது

இந்தோரில் உள்ள 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் இண்டஸ்-2, எலக்ட்ரான்களைச் சுழற்றி வலுவான எக்ஸ் கதிர் தரும் சிங்க்ரோட்ரான் வளையம்; அதன் கற்றைவழிகள் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் திறந்திருக்கின்றன. கதிரின் ஆற்றலை நம் விருப்பப்படி மாற்ற முடிவதே அங்கே கிடைக்கும் முதன்மையான நன்மை. டி9 எஃகில் டைட்டானியத்தின் பணி என்ன என்ற கேள்வி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டைட்டானியம் கரைந்த நிலையில் தனித்தனி அணுக்களாக இருக்கிறதா, கார்பனோடு சேர்ந்து நுண்துகள்களாக வெளிப்பட்டுவிட்டதா என்பதை முகடுகள் காட்டுவதில்லை. இருக்கும் அளவு அவ்வளவு குறைவு. ஆனால் டைட்டானியத்தின் கே விளிம்பான 4.97 கிலோ எலக்ட்ரான் வோல்ட் முதல் குரோமியத்தின் 5.99 வரை இடையே ஏறத்தாழ 1000 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் இரும்பும் குரோமியமும் நிக்கலும் கே ஒளிர்வு தருவதில்லை. எனவே உறிஞ்சு நிறமாலையின் நுண் அலைவுகளை உடனொளிர்வு வழியாகப் பதிவு செய்தால், டைட்டானியத்தின் அண்டை அணு இரும்பா கார்பனா என்று தெளிவாகப் பிரித்தறியலாம். டைட்டானியம் கார்பைடுத் துகள்கள் ஹீலியத்தையும் காலியிடங்களையும் பிடித்துவைத்து வீக்கத்தைத் தாமதப்படுத்துகின்றன என்பதால், கதிர்வீச்சுக்கு முன்னும் பின்னும் இந்த அளவீட்டைச் செய்வது மிகுந்த பயன் தரும்.

நுண்குழிகளை நேரடியாகக் காணச் சிறுகோணச் சிதறலை நாட வேண்டும். குழிக்கும் எஃகுக்கும் இடையே எலக்ட்ரான் அடர்த்தி முழுமையாக மாறுவதால் சிதறல் வலுவாகவே இருக்கும். ஆனால் கார்பைடுத் துகள்களும் அதே கோணங்களில் சிதறும் என்பதால், ஓரிடத்திலேனும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் எடுத்து உறுதி செய்துகொள்ளாமல் சிதறல் வளைவை மட்டும் வைத்துக் குழியின் அளவைச் சொல்லிவிடக் கூடாது.

உலையிலிருந்து வந்த மாதிரி

நியூட்ரான் பட்ட எஃகில் 312 நாள் அரை ஆயுளுடைய மாங்கனீசு-54, 2.7 ஆண்டு அரை ஆயுளுடைய இரும்பு-55, 5.27 ஆண்டு அரை ஆயுளுடைய கோபால்ட்-60 ஆகியவை இருக்கும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பணியாளர்களுக்கு வகுத்துள்ள வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மாதிரியின் அளவைக் குறைப்பதே முதல் பாதுகாப்பு: குவித்த அயனிக் கற்றையால் சில பத்து மைக்ரோமீட்டர் துணுக்கை வெட்டியெடுத்தால், அதன் கதிரியக்கம் முழு மாதிரியின் கதிரியக்கத்தில் மிக மிகச் சிறிய பங்காகிவிடும், சிங்க்ரோட்ரானின் நுண்கற்றைக்கு அந்த அளவே போதும். வெட்டுவதையும் பொதிவதையும் அதற்குரிய கூடத்தில், அனுமதி பெற்ற பணியாளர் முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டும்.

அளவீட்டிலும் ஒரு வேறுபாடு உண்டு. இரும்பு-55 தானாகவே 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிரை வெளியிடுகிறது. அது குரோமியத்தின் ஒளிர்வுக்கும் கோபால்ட் குழாயின் கதிருக்கும் இடைப்பட்ட பகுதியில் விழுவதால், ஆற்றல் பிரிக்கும் உணர்வியின் சாளரத்தைக் குறுக்கினால் பெரும்பகுதி விலகிவிடும். கோபால்ட்-60-இன் காமாக் கதிர்களை அப்படி விலக்க முடியாது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்பாகக் கற்றையின் கதவை மூடி, மாதிரியை அதன் இடத்திலேயே வைத்து, உணர்வியை அதே கோணங்களில் அதே நேரம் நிறுத்தி எண்ணிக் கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையை முழு அளவீட்டிலிருந்து கழித்த பிறகே முகடுகளைப் பொருத்தத் தொடங்குங்கள்.